ஏட்டைக் காத்தது படனமே

ஆத்தூரிலிருந்து கிழக்கே தலைவாசல் வழியாகச் செல்வோர், வாணகோவரையரின் தலைநகராய் விளங்கிய ஆறகழூருக்கு அருகில் தியாகனூர் என்னும் சிற்றூரைக் காணலாம். அங்கே தியானக் கோலத்தில் அமர்ந்த பெரிய புத்தர் திருவுருவம் உள்ளது. நெடுங்காலம் வயல்வெளியில் இருந்த அவ்வுருவத்திற்கு இப்போது மண்டபம் அமைந்துள்ளது. ஊரார் விளக்கேற்றி வணங்குகின்றனர். ஆயினும் அவர்கள் வழிவழி வந்த பௌத்தக் குடியினர் அல்லர். இவ்வட்டாரத்தில் ஒரு காலத்தில் பௌத்தம் தழைத்திருந்தது என்பதற்குக் கல் சான்றாய் நிற்கின்றது. அச்சமயத்து நூல்களைத் தமிழில் ஓதி, பொருள் சொல்லி, பிள்ளைகளுக்குக் கற்பித்த குடும்பங்களோ தமிழகத்தில் அற்றுப்போயின.

அதே நூற்றாண்டுகளின் அதே இன்னல்களைக் கடந்து வந்த நம் சமணச் சமூகம் சிறிய அளவிலேனும் இன்றும் வாழ்கின்றது. அதற்குக் காரணங்கள் பல. உழவுத் தொழிலோடு ஒன்றியமை, ஜினாலயங்களைக் கைவிடாமை, மேல்சித்தாமூர் மடத்தின் வழிகாட்டல் என்று அறிஞர் பலவற்றைக் கூறுவர். அவற்றுள் போதிய அளவு பேசப்படாத ஒன்றை இங்கு எடுத்துரைக்க விரும்புகின்றேன். வீட்டிலும் ஜினாலயத்திலும் ஒரு நூலை முதலிலிருந்து முடிவுவரை, நாள்தோறும் சிறிது சிறிதாக, பலர் கேட்க வாசித்து முடிக்கும் வழக்கமே அது. நம் முன்னோர் அதனைப் படனம் என்றனர்.

இவ்வழக்கத்தின் பயனை அறியச் சீவக சிந்தாமணி அச்சேறிய வரலாற்றைக் காட்டிலும் சிறந்த சான்று இல்லை. அவ்வரலாற்றின் தொடக்கத்தில் நிற்பவர் நம் சேலத்தவர் ஒருவர்.

கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியராய் இருந்த உ.வே. சாமிநாதையர், அவ்வூருக்கு முன்சீபாக வந்த சேலம் இராமசுவாமி முதலியாரை 1880ஆம் ஆண்டு அக்டோபர் 21ஆம் நாள் சென்று கண்டார். மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் தாம் பயின்ற அந்தாதிகளையும் பிள்ளைத்தமிழ்களையும் கோவைகளையும் புராணங்களையும் ஐயர் ஒவ்வொன்றாகக் கூறினார். முதலியார் அவற்றால் வியப்படையவில்லை. இவற்றைப் படித்ததனால் என்ன பயன் என்னும் கருத்துப்படக் கேட்டு, சிந்தாமணியும் மணிமேகலையும் சிலப்பதிகாரமும் படித்ததுண்டா என்று வினவினார். ஐயர் அந்நூல்களைப் படித்தவரல்லர். அவர்தம் ஆசிரியரும் அவற்றைப் பாடம் சொன்னவரல்லர். பின்னர் முதலியார் தம்மிடமிருந்த சிந்தாமணிக் கையெழுத்துப் பிரதியைக் கொடுத்து, இதனைப் படித்துப் பொருள் சொல்ல வேண்டும் என்று கேட்டுக்கொண்டார்.

அக்காலத்தில் சிந்தாமணியின் நாமகள் இலம்பகம் மட்டும் பவர் பாதிரியார் முயற்சியால் 1868இல் அச்சாகியிருந்தது. ஏனையவை ஏட்டிலேயே இருந்தன. ஐயர் நச்சினார்க்கினியர் உரையோடு நூலைப் படிக்கப் புகுந்தார். சொற்கள் தமிழ்ச் சொற்களே. ஆயினும் கதிகளும் வினைகளும் சமவசரணமும் பற்றிய இடங்களில் உரை விளங்கவில்லை. சைவ வைணவ நூல்களில் தோய்ந்த அவருக்கு இவற்றை விளக்குவார் அருகில் எவரும் இலர். தமிழ்ப் புலவர் உலகத்தில் அந்நூல் ஏறத்தாழ இறந்த நூல் என்றே கூறலாம்.

கும்பகோணத்தில் ஜைனர்கள் வாழ்கின்றனர் என்பதை நண்பர் ஒருவர் வாயிலாக அறிந்து ஐயர் அவர்கள் இல்லத்திற்குச் சென்றார். அங்கே கண்ட காட்சியை அவர் தம் வரலாற்றில் எழுதி வைத்துள்ளார். வீடு விழாக்கோலம் பூண்டிருந்தது. என்ன விசேடம் என்று கேட்டார். பல மாதங்களாக நடைபெற்று வந்த சிந்தாமணி படனம் அன்று நிறைவெய்தியது என்று அவர்கள் கூறினர்.

எந்த நூலுக்குப் பொருள் கூறத் தமிழறிஞர் எவரும் இல்லை என்று ஐயர் கலங்கினாரோ, அந்த நூலை அவர் பணிபுரிந்த அதே ஊரில் வணிகக் குடும்பத்தார் சிலர் வீட்டில் முழுவதும் வாசித்து முடித்து விழாக் கொண்டாடிக் கொண்டிருந்தனர். அவர்கள் நூலாசிரியரும் அல்லர், உரையாசிரியரும் அல்லர். பகலெல்லாம் கடையிலும் கணக்கிலும் இருந்தவர்கள். வீடூர் அப்பாசாமி நயினார், சந்திரநாத செட்டியார் முதலியோர் ஐயரின் ஐயங்களை ஒவ்வொன்றாகத் தீர்த்தனர். ஸ்ரீபுராணம் முதலான மணிப்பிரவாள நூல்களிலிருந்து மேற்கோள் காட்டினர். ஐயர் பல நாள் தலையை உடைத்துக்கொண்ட இடங்களை அவர்கள் இயல்பாக விளக்கினர். அவை அவர்களுக்கு ஆராய்ச்சிச் செய்திகள் அல்ல. ஆண்டுதோறும் காதில் விழுந்த செய்திகள்.

இங்கு இன்னொரு செய்தியையும் சொல்லாமல் விட இயலாது. ஜைன நூல்களில் ஐயர் காட்டிய ஈடுபாட்டைக் கண்ட அவ்வீட்டு அம்மையார் ஒருவர், இவர் பவ்விய ஜீவனோ என்று கேட்டாராம். வீடுபேறு அடைதற்குரிய பக்குவம் வாய்ந்த உயிரைக் குறிக்கும் கலைச்சொல் அது. பள்ளிக்கூடத்திற்குப் பெண்கள் செல்லாத காலத்தில், அச்சொல்லை இடமறிந்து வழங்கும் பயிற்சி அவ்வம்மையாருக்கு எங்கிருந்து வந்தது? படனம் நடக்கும் கூடத்தில் அமர்ந்து கேட்டதனால் வந்தது என்பதே என் துணிபு. தமிழ்ச் சமணத்தில் பெண்கல்வி புதிதன்று. வந்தவாசிப் பகுதியிலுள்ள வேடல் என்னும் ஊரில் ஆதித்த சோழன் காலத்துக் கல்வெட்டு ஒன்று, கனகவீரக் குரத்தியார் என்னும் துறவியையும் அவர்தம் மாணாக்கியர் ஐந்நூற்றுவரையும் குறிப்பிடுகின்றது. அக்குரத்தியர் பள்ளிகள் மறைந்த பின்னும் அந்தக் கேள்விச் செல்வம் இல்லங்களில் ஒதுங்கி உயிர்த்திருந்தது.

சிந்தாமணி முழுவதும் 1887இல் அச்சேறியது. அதன் பெருமை ஐயரின் உழைப்பையே சாரும், அதில் ஐயமில்லை. ஆனால் பதிப்பாசிரியரின் கைக்கு வரும்வரை அந்நூலை உயிரோடு வைத்திருந்தவர்கள் நம் முன்னோரே. நச்சினார்க்கினியரைப் பற்றியும் இதற்கு இணையான செவிவழிச் செய்தி ஒன்று உண்டு. அவர் முதலில் எழுதிய உரையை ஜைனர் ஏற்கவில்லை என்றும், அதன்பின் அவர் ஜைன நூல்களை முறையாகக் கற்று வந்து மீண்டும் எழுதினார் என்றும் கூறுவர். நிகழ்ச்சி உண்மையோ அன்றோ, அதன் உட்கிடை கருதத்தக்கது. நூலைத் தொடர்ந்து வாசிக்கும் கூட்டம் ஒன்று இருந்தால், பிழையான உரை எளிதில் உலவ முடியாது.

இதற்கு மறுதலையாக நிகழ்ந்ததையும் காண்போம். சிந்தாமணிக்குப் பின் ஐயர் சிலப்பதிகாரத்தை 1892இலும் மணிமேகலையை 1898இலும் வெளியிட்டார். மணிமேகலையின் ஏடுகள் கிடைத்தன. ஆனால் அது எந்தச் சமயத்து நூல் என்பதே தொடக்கத்தில் அவருக்குத் தெளிவாகத் தெரியவில்லை. பௌத்த நூல் என்று தெரிந்த பின்னர் ஐயங்கேட்க யாரிடம் செல்வது? தமிழ் பேசும் பௌத்தக் குடும்பம் ஒன்றேனும் இல்லை. கும்பகோணம் கல்லூரியில் உடன் பணியாற்றிய இரங்காசாரியாரின் துணையோடு, மேல்நாட்டார் ஆங்கிலத்தில் எழுதிய பௌத்த நூல்களைக் கொண்டு அவர் பொருள் காண வேண்டியதாயிற்று. தமிழ்க் காப்பியம் ஒன்றைத் தமிழர் விளங்கிக்கொள்ள ஐரோப்பியரின் நூல்கள் தேவைப்பட்டன. சிந்தாமணிக்குப் பக்கத்துத் தெருவிலேயே ஆள் இருந்தனர்.

குண்டலகேசியின் நிலை இன்னும் இரங்கத்தக்கது. அந்தப் பௌத்தக் காப்பியம் முற்றும் மறைந்து, சில பாடல்களே எஞ்சின. அதன் கதையையும் வாதத்தையும் பாடல்களின் முதற்குறிப்புகளையும் இன்று நாம் அறிவது, அதனை மறுத்தெழுந்த நம் நீலகேசியாலும் அதற்குச் சமய திவாகர வாமன முனிவர் வரைந்த உரையாலும்தான். தன்னவர் வாசியாமல் விட்ட நூல் மாற்றார் ஏட்டில் நிழலாய் வாழ்கின்றது. நீலகேசியைப் பேராசிரியர் அ. சக்கரவர்த்தி நயினார் 1936இல் பதிப்பித்தார். அதற்கு முன்னரே, 1923இல், மேருமந்தர புராணத்தையும் அவரே வெளிக்கொணர்ந்தார்.

நம் நூல்கள் யாவும் தப்பின என்று பெருமை கொள்ளுதற்கும் இடமில்லை. ஐம்பெருங்காப்பியங்களுள் வளையாபதி ஜைன நூல். அதன் ஏட்டை இளமையில் திருவாவடுதுறை மடத்துப் புத்தகசாலையில் பார்த்ததாக ஐயர் எழுதியுள்ளார். பின்னர் தேடியபோது அது கிடைக்கவில்லை. இன்று எழுபதுக்குச் சற்று மேற்பட்ட பாடல்களே உள்ளன. அவற்றுள் பெரும்பாலானவை புறத்திரட்டுத் தொகுத்தவர் எடுத்து வைத்தமையால் எஞ்சியவை. சிந்தாமணியைப் போன்று வளையாபதியும் ஓர் ஊரில், ஓர் இல்லத்தில், ஆண்டுதோறும் படனம் செய்யப்பட்டிருக்குமானால் ஒரே ஓர் ஏட்டை நம்பி அது நின்றிருக்காது. மடத்துப் புத்தகசாலையில் இருப்பதும் வாசிக்கப்படுவதும் வேறு வேறு.

நமக்கு மேற்கேயுள்ள கொங்கு நாட்டிலும் இவ்விரு நிலைகளையும் அருகருகே காணலாம். விசயமங்கலத்துக் கொங்குவேளிர் இயற்றிய பெருங்கதையை ஐயர் 1924இல் பதிப்பித்தபோது அதற்குத் தலையும் இல்லை, கடையும் இல்லை. ஏட்டுக்கட்டில் முன்னும் பின்னும் உள்ள ஓலைகளே முதலில் முறியும். புதிய படி எடுப்பார் இல்லாதபோது அவை முறிந்தபடியே போகும். அதே கொங்கு நாட்டோடு தொடர்புபடுத்திப் போற்றப்படும் பவணந்தி முனிவரின் நன்னூலோ, சமய வேறுபாடின்றித் திண்ணைப் பள்ளிகளிலும் மடங்களிலும் பாடமாய் ஓதப்பட்டது. ஜைனராகிய மயிலைநாதரும் சைவராகிய சங்கர நமச்சிவாயரும் அதற்கு உரை கண்டனர். அது இன்றும் வழக்கில் நிற்கின்றது.

ஓலையின் இயல்பே இதற்கு அடிப்படை. நம் நாட்டு வெப்பத்திலும் ஈரத்திலும் பூச்சியிலும் ஓலைச்சுவடி சில நூற்றாண்டுகளுக்கு மேல் நில்லாது. அதற்குள் எவரேனும் புதிய ஓலையில் படியெடுத்தாக வேண்டும். படியெடுப்பது கூலியும் நாளும் கொள்ளும் வேலை. வாசிப்போர் கேட்டாலன்றி அவ்வேலையை மேற்கொள்வார் யார்? எனவே வாசிக்கப்பட்ட நூல் படியெடுக்கப்பட்டது, படியெடுக்கப்பட்டது எஞ்சியது. வாசிக்கப்படாதவற்றுள் பல செல்லுக்கு இரையாயின. சில ஆடிப்பெருக்கன்று ஆற்றில் விடப்பட்டன.

சாஸ்திர தானத்தை ஆகாரம், அபயம், ஔஷதம் ஆகியவற்றோடு சேர்த்து நான்கு தானங்களுள் ஒன்றாக வைத்த ஆசாரியர்கள் இதனை நன்குணர்ந்திருந்தனர். பத்தாம் நூற்றாண்டில் கன்னட நாட்டில் வாழ்ந்த அத்திமப்பே என்னும் சிராவகி, பொன்னர் இயற்றிய சாந்தி புராணத்தை ஆயிரம் படிகள் எடுப்பித்து வழங்கினார். அச்சு இயந்திரம் இல்லாத காலத்தில் ஆயிரம் படி! அவர் அவற்றைப் பேழையில் வைத்துப் பூட்டுவதற்காக எழுதுவித்தார் அல்லர்.

பூட்டி வைத்ததனால் நேர்ந்ததையும் நம் சமய வரலாறே காட்டுகின்றது. சுருத பஞ்சமியன்று நாம் நினைவுகூரும் வரலாறு யாவரும் அறிந்ததே. கிர்நார் மலைக் குகையில் வாழ்ந்த தரசேனாசாரியார், ஆகம அறிவு தம்மோடு அற்றுவிடுமோ என்று அஞ்சி, புஷ்பதந்தர், பூதபலி என்னும் இரு முனிவரை வரவழைத்துக் கற்பித்தார். அவர்கள் ஷட்கண்டாகமத்தை எழுத்தில் அமைத்தனர். பூதபலி முனிவர் திராவிட நாட்டில் தங்கினார் என்பது மரபு. ஆதலால் அவ்வரலாற்றில் நம் மண்ணுக்கும் பங்குண்டு. இலங்கையில் மாத்தளைக்கு அருகிலுள்ள அலுவிகாரையில் பௌத்தத் துறவியர் தம் திரிபிடகத்தை எழுத்தில் வடித்ததும் இத்தகைய அச்சத்தாலேயே. நினைவு தளரும் காலத்தில் எழுத்துத் துணை செய்தது.

ஷட்கண்டாகமத்திற்கு வீரசேனர் எழுதிய தவளை என்னும் பேருரை 816இல் நிறைவுற்றது. அதன் பழைய ஏடுகள் கன்னட எழுத்தில் மூடபித்ரி சித்தாந்த பசதியில் போற்றிக் காக்கப்பட்டன. பக்தர்கள் நெடுந்தொலைவிலிருந்து வந்து தரிசித்துச் சென்றனர். விளக்கொளியில் ஏட்டைக் காட்டுவர், கைகூப்பி வணங்குவர், பின் மூடி வைப்பர். இவ்வாறு நூற்றாண்டுகள் சென்றன. அதனுள் எழுதப்பட்டிருப்பதைக் கற்றவர் அரியராயினர். 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் படியெடுக்கும் பணி தொடங்கி, பல தடைகளைக் கடந்து, 1939 முதல் ஹீராலால் ஜெயின் அதனைப் பகுதி பகுதியாக அச்சிட்ட பின்னரே அறிஞர் உலகம் அதன் உள்ளடக்கத்தை அறிந்தது. மூடபித்ரியார் ஏடுகளைக் காத்த பெருந்தொண்டினைக் குறைத்துரைப்பது என் நோக்கமன்று. அவர்கள் காவாதிருந்தால் அச்சிடுவதற்கே ஒன்றும் இருந்திராது. ஆயினும் ஆகமத்தை வணங்குவதற்கும் கற்பதற்கும் இடையிலுள்ள தொலைவை அந்நூற்றாண்டுகள் காட்டுகின்றன. கும்பகோணத்துக் கூடத்தில் நடந்தது கற்றல்.

சிராவகரின் அன்றாடக் கடமைகள் ஆறு: தேவ பூஜை, குரு உபாஸ்தி, சுவாத்தியாயம், சம்யமம், தவம், தானம். மூன்றாவதாகிய சுவாத்தியாயத்தை அகத் தவங்களுள்ளும் ஒன்றாக உமாசுவாமிகள் தத்துவார்த்த சூத்திரத்தில் வைத்து, அதனை ஐந்தாக வகுக்கின்றார். நூலை வாசித்தல், ஐயங்கேட்டல், உட்கொண்டு சிந்தித்தல், பிழையின்றித் திரும்ப ஓதுதல், பிறர்க்கு எடுத்துரைத்தல் என்பன அவை. இவ்வைந்தனுள் தனியே அமர்ந்து செய்யத்தக்கவை சிலவே. ஐயங்கேட்க மற்றொருவர் வேண்டும். எடுத்துரைக்கக் கேட்போர் வேண்டும். இக்காலத்தில் வாசிப்பு என்றால் தனிமையில் கண்ணால் மட்டும் செய்வது என்றே எண்ணுகின்றோம். நம் மரபில் அது குடும்பத் தொழில். எழுத்தறியாத பாட்டியும், எழுத்துக் கூட்டும் பேரனும் ஒரே நூலின் ஒரே இடத்தில் இருப்பர். நினைவாற்றல், சொல்வளம், மனவமைதி என்று நாள்தோறும் வாசிப்பதன் நன்மைகளாக இன்று அடுக்கப்படுபவை யாவும் இதன்கண் அடங்கும். இவற்றிற்கு மேலாக ஒன்று உண்டு: ஒரு சிறு சமூகம் தன்னைத் தானே விளக்கிக்கொள்ளும் சொற்களை இழவாதிருந்தது.

அச்சொற்கள் இன்று எந்நிலையில் உள்ளன? தொழிலும் படிப்பும் கருதி நம் குடும்பங்கள் தொண்டை நாட்டுச் சிற்றூர்களை விட்டு நகரங்களில் பரவியுள்ளன. சிற்றூரில் ஜினாலயத்தைச் சுற்றியே வீடுகள் இருந்தன. மாலையில் மணியோசை கேட்டால் கூடுவர். நகரத்தில் ஒரு வீட்டிற்கும் மறுவீட்டிற்கும் இடையே தொலைவு மிகுதி. நம் பிள்ளைகள் ஆங்கில வழியில் பயில்கின்றனர். அதனை நான் குறை கூறேன். ஆனால் ஸ்ரீபுராணத்தின் மணிப்பிரவாள நடையும், பழைய ஏடுகளின் கிரந்த எழுத்தும் முதியோர் சிலரோடு நின்றுவிட்டன. முன்னாளில் நூலுக்குக் குறைவு, வாசிப்போர்க்குக் குறைவில்லை. இன்று சிந்தாமணி அச்சில் கிடைக்கின்றது, கைபேசியிலும் கிடைக்கின்றது. இன்னொரு சாமிநாதையர் நம் வீட்டு வாயிலில் வந்து நின்று ஓர் ஐயத்தைக் கேட்டால் விடை கூறுவார் எத்தனை பேர்? அவ்வம்மையாரைப் போல் ஒரு கேள்வியைத் திருப்பிக் கேட்பாரேனும் உளரா? இவ்வினாவை எழுதும்போது என் கை சற்றுத் தயங்குகின்றது.

படனத்தை மீண்டும் தொடங்க விரும்பும் குடும்பங்களுக்குப் பயன்படும் என்று ஒரு சிறு கணக்கைத் தருகின்றேன். இரத்தின கரண்டக சிராவகாசாரத்தைத் தழுவிய அருங்கலச்செப்பு ஏறத்தாழ நூற்றெண்பது குறள் வெண்பாக்களால் ஆயது. சிறுவர்க்கு அதுவே நல்ல தொடக்கம். நாளைக்கு மூன்றாக ஓதினால் இரண்டு மாதத்தில் நிறையும். நாலடியார் நானூறு பாடல்; நாளுக்கு ஒன்றாயின் ஓராண்டும் ஏறக்குறைய ஒரு மாதமும் ஆகும். சிந்தாமணி பதின்மூன்று இலம்பகங்களில் 3145 பாடல்களை உடையது. நச்சினார்க்கினியர் உரையோடு நாளுக்குப் பத்துப் பாடல் வாசிப்போர்க்குப் பத்தரை மாதம் செல்லும். உரையில் தங்காமல் பதினேழு பாடல் வாசிப்போர் ஆறு மாதத்தில் முத்தி இலம்பகத்தை எட்டலாம். ஒருவர் பாடலைப் படிக்க, மற்றொருவர் பொருள் கூற, விளங்காத இடத்தை ஒரு பிள்ளை தன் குறிப்பேட்டில் எழுதிக்கொள்ள வேண்டும். அக்குறிப்பேட்டோடு திங்களுக்கு ஒருமுறை மூத்தோர் ஒருவரிடம் செல்வது நலம். அவர்கள் இருக்கும்போதே செல்வது மிக நலம்.